புதருக்குள் பந்து தேடியவர்கள்: சிறு நாடுகளில் கிரிக்கெட் எப்படி வளர்கிறது?

2022 ஜூன் 17 அன்று நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வீன் நகரில் இங்கிலாந்து அணி 50 ஓவர்களில் 4 விக்கெட் இழப்புக்கு 498 ரன் குவித்தது. ஆண்களுக்கான ஒருநாள் சர்வதேச ஆட்டங்களில் அதைவிடப் பெரிய மொத்தத்தை எந்த அணியும் அதற்கு முன் எடுத்ததில்லை. ஜோஸ் பட்லர் மட்டும் 70 பந்துகளில் 162 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அணி மொத்தமாக அடித்த சிக்ஸர்கள் 26. அந்த மைதானம் ஒரு காட்டுப் பூங்காவுக்குள் இருக்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் மரங்களும் புதர்களும்தான். பறந்துபோன பந்தைத் தேடி நெதர்லாந்து வீரர்களே புதருக்குள் இறங்கிச் செடிகளை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி நேரலையில் ஓடியது. தெருவில் ஆடி வளர்ந்த எவருக்கும் பழக்கமான காட்சிதான் அது என்றாலும், சர்வதேச ஆட்டத்தில் அதைக் காண்பது அரிது.

பதினாறு மாதங்கள் கழித்து, 2023 அக்டோபர் 17 அன்று, தர்மசாலாவில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் அதே நெதர்லாந்து அணி தென்னாப்பிரிக்காவை எதிர்கொண்டது. மழையால் 43 ஓவர்களாகக் குறைக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் 140 ரன்னுக்கு 7 விக்கெட்டுகளை இழந்திருந்த அணியை, ஆட்டமிழக்காமல் 78 ரன் எடுத்த அணித்தலைவர் ஸ்காட் எட்வர்ட்ஸ் கடைசி வரிசை ஆட்டக்காரர்களின் துணையோடு 245 வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்து நாட்களுக்கு முன்பு டெல்லியில் இலங்கைக்கு எதிராக 428 ரன் எடுத்திருந்த தென்னாப்பிரிக்கா, இந்த முறை 207 ரன்னில் சுருண்டது.

இப்படி ஒரு முடிவு வரும்போதெல்லாம் "அதிர்ச்சித் தோல்வி" என்று தலைப்பிட்டுவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அடுத்த வீட்டுக்காரருக்கே கிரிக்கெட் என்றால் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும் ஒரு நாட்டில், இப்படி ஓர் அணி எப்படி உருவாகிறது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. கிரிக்கெட்டைப் பார்ப்பவர், ஆனால் பெரிய அணிகளுக்கு அப்பால் அதிகம் பார்த்திராதவர் என்ற வாசகரை மனத்தில் வைத்து, அந்தக் கேள்விக்கான விடையை நெதர்லாந்தின் வழியாகவும் இடையிடையே வேறு சில நாடுகளின் வழியாகவும் இங்கே விளக்க முயல்கிறேன்.

முழு உறுப்பினரும் அசோசியேட் உறுப்பினரும்

சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், அதாவது ஐ.சி.சி., 1909இல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றே நாடுகளுடன் 'இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. பெயரே சொல்வதுபோல், பிரிட்டிஷ் பேரரசுக்கு வெளியே இருந்த எவருக்கும் அதில் இடமில்லை. 1965இல் பெயரிலிருந்து 'இம்பீரியல்' நீங்கியது. அசோசியேட் உறுப்பினர் என்ற புதிய வகையும் அப்போதுதான் வந்தது. முதலில் சேர்ந்த மூன்று நாடுகள் அமெரிக்கா, இலங்கை, ஃபிஜி. நெதர்லாந்தும் டென்மார்க்கும் மறு ஆண்டு சேர்ந்தன.

இன்று முழு உறுப்பினர்கள் 12 பேர். டெஸ்ட் ஆட்டம் ஆடும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. வாக்குப் பலமும் வருமானத்தின் பெரும்பகுதியும் அவர்களிடமே இருக்கின்றன. கடைசியாக அந்த வரிசையில் சேர்ந்தவை 2017இல் ஆப்கானிஸ்தானும் அயர்லாந்தும். மற்ற எல்லா நாடுகளும் அசோசியேட் உறுப்பினர்கள். அவற்றின் எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவற்றுள்ளும் ஒரு படிநிலை உண்டு. இருபது ஓவர் சர்வதேசத் தகுதி 2018 ஜூலையில் எல்லா உறுப்பு நாடுகளின் பெண்கள் அணிகளுக்கும், 2019 ஜனவரியில் ஆண்கள் அணிகளுக்கும் வழங்கப்பட்டது. ஒருநாள் சர்வதேசத் தகுதி மட்டும் நெதர்லாந்து, ஸ்காட்லாந்து, நேபாளம், நமீபியா, ஓமன் போன்ற சில அசோசியேட் நாடுகளோடு நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். அசோசியேட் நாடு என்பதும் கிரிக்கெட் சிறுபான்மை விளையாட்டாக உள்ள நாடு என்பதும் ஒன்றல்ல. 1979 உலகக் கோப்பையில் இந்தியாவை 47 ரன் வித்தியாசத்தில் வென்றபோது இலங்கை ஓர் அசோசியேட் நாடுதான். டெஸ்ட் தகுதி அதற்கு 1981இல்தான் கிடைத்தது. ஆனால் அங்கே பள்ளிக்கூட கிரிக்கெட் தலைமுறைகளாக வேரூன்றியிருந்தது. இன்றைய நேபாளத்திலும், கீர்த்திபூரில் திரிபுவன் பல்கலைக்கழக மைதானத்தின் மேட்டிலும் மரக்கிளையிலும் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் கூட்டத்தைக் கண்டவர்கள் அதைச் சிறுபான்மை விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள். அந்த நாடுகளுக்கு வேண்டியிருந்தது அங்கீகாரம். நெதர்லாந்து, இத்தாலி, ஜப்பான், ருவாண்டா போன்ற நாடுகளின் சிக்கல் அதற்கும் முந்தையது. அங்கே முதலில் ஆடுவதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும்.

ஒரு காலத்தில் அங்கேயும் இருந்தது

ஐரோப்பாவுக்குக் கிரிக்கெட் புதிதாகப் போய்ச் சேர்ந்தது என்று நாம் நினைப்பது தவறு. நெதர்லாந்தின் கிரிக்கெட் சங்கம் 1883இல் தொடங்கப்பட்டது; ஐ.சி.சி.யைவிட 26 ஆண்டுகள் மூத்தது. ரோட்டர்டாமின் புகழ்பெற்ற கால்பந்துக் கழகமான ஸ்பார்ட்டா, 1888இல் தோன்றியபோது ஒரு கிரிக்கெட் கழகம். இத்தாலியில் ஏ.சி. மிலான் 1899இல் 'மிலான் கால்பந்து மற்றும் கிரிக்கெட் கழகம்' என்ற பெயரில் தொடங்கியது. ஜெனோவா கழகமோ இன்றுவரை தன் பெயரில் கிரிக்கெட்டைச் சுமந்துகொண்டிருக்கிறது, கிரிக்கெட் ஆடாமலேயே. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்திருந்த நாடுகளில் நெதர்லாந்தும் பெல்ஜியமும் இருந்தன. இரண்டும் விலகிக்கொள்ள, பிரிட்டனும் பிரான்ஸும் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் பதக்கங்களைப் பகிர்ந்துகொண்டன.

கால்பந்து ஏன் முந்தியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை என்று நினைக்கிறேன். கால்பந்துக்கு ஒரு பந்தும் ஒன்றரை மணி நேரமும் போதும். கிரிக்கெட்டுக்கு மட்டை, கால்காப்பு, கையுறை, சமதளமான ஆடுகளம், ஒரு முழுநாள், கூடவே மழை பெய்யாத வானம் எல்லாம் வேண்டும். வடகடலோர நாட்டில் கடைசியாகச் சொன்னது மே முதல் செப்டம்பர் வரைதான் ஓரளவு கிடைக்கும். ஆக, நெதர்லாந்தில் கிரிக்கெட் அழிந்துவிடவில்லை. ஹேக், ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம் ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள சில கழகங்களில், தாத்தாவும் தந்தையும் ஆடியதால் மகனும் ஆடுகிறான் என்ற அளவில் ஒதுங்கிக்கொண்டது. 1996 உலகக் கோப்பையில் ஆடிய டிம் டி லீடின் மகன்தான் இன்றைய அணியின் ஆல்ரவுண்டர் பாஸ் டி லீட். மிகச் சிறிய வட்டம் அது.

பாயும் புல்லும்

சிறு நாடுகளின் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுபவர்கள் பணம், திறமை, ஆர்வம் என்று தொடங்குவார்கள். நான் ஆடுகளத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். 22 கெஜ நீளமுள்ள அந்தத் துண்டு நிலம் எதனால் ஆனது என்பது ஒரு நாட்டின் ஆட்டத்தையே வடிவமைத்துவிடுகிறது.

நல்ல புல்தரை ஆடுகளத்துக்குக் களிமண் கலந்த மண் வேண்டும். அதை அடுக்கடுக்காக இட்டு, நீர்விட்டு, கனமான உருளையால் நாள்தோறும் உருட்டி, புல்லைச் சீராக வெட்டிப் பராமரிக்க, வேலை தெரிந்த ஓர் ஆள் ஆண்டு முழுவதும் வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் அந்தத் துண்டை ஆறப்போட வேண்டும் என்பதால், பக்கத்திலேயே இன்னும் சில துண்டுகள் தயாராக இருக்க வேண்டும். ஐரோப்பிய நகரங்களில் மைதானங்கள் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமானவை. கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே இடத்தில் குளிர்காலத்தில் கால்பந்து ஆடுவார்கள். ஆறு மாதம் பாதுகாத்த ஆடுகளத்தின்மேல் ஆணிக்காலணி அணிந்த 22 பேர் ஓடினால் என்ன மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பெரும்பாலான கழகங்கள் கெட்டியான அடித்தளத்தின்மேல் செயற்கைப் பாயை விரித்து ஆடுகின்றன.

தமிழ்நாட்டில் கீழ்நிலை லீக் ஆட்டங்களில் 'மேட்டிங்' விக்கெட்டில் ஆடியவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. பாயில் பந்து ஒரே சீராக, ஆனால் உயரமாக எழும்பும். மட்டையாளர் பின்காலில் நின்று வெட்டவும் இழுக்கவும் நன்றாகப் பழகிக்கொள்வார். பந்து தாழ்ந்து வரும்போது முன்காலை நீட்டி ஆடும் பழக்கம் அவருக்கு எளிதில் வராது. சுழற்பந்து பாயைப் பற்றிக்கொண்டு நன்றாகத் திரும்பும் என்பதால், அதிகம் முயலாமலே விக்கெட் எடுத்துவந்த பந்துவீச்சாளர், புல்தரைக்கு வந்ததும் தன் பந்து ஏன் திரும்பவில்லை என்று விழிப்பார். வேகப்பந்து வீச்சாளர் பாயில் ஆணிக்காலணி அணிய முடியாது. ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியோடு வீசிப் பழகியவர் புல்தரையில் ஆணிக்காலணி அணிந்து இறங்கும்போது காலூன்றும் விதத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று நாள் பயிற்சியில் சரிசெய்துவிடக்கூடிய குறை அல்ல இது.

பாயில் ஆடுவதே தாழ்வு என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1950களில் பாக்கிஸ்தானில் டெஸ்ட் ஆட்டங்களே பாயில் நடந்திருக்கின்றன. ஆனால் உலகக் கோப்பை புல்தரையில்தான் நடக்கிறது. நெதர்லாந்தில் சர்வதேச ஆட்டத்துக்குத் தகுந்த புல்தரை ஆடுகளங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆம்ஸ்டல்வீன் அவற்றுள் முதன்மையானது. 1999 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவும் கென்யாவும் மோதிய ஆட்டம் அங்கேதான் நடந்தது. ஆடுகளம் தகுதி பெற்ற அந்த உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து அணி தகுதி பெறவில்லை என்பது வேடிக்கையான உண்மை.

ஆடுபவர்கள் யார்?

ஐ.சி.சி. விதிப்படி ஒருவர் ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், அல்லது கடந்த மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். சிறு நாடுகளின் அணிகள் பல வேர்களைக் கொண்டிருப்பதற்கு இந்த விதி ஒரு காரணம். 2023 நெதர்லாந்து அணியில் இருந்த தேஜா நிடமனூரு விஜயவாடாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். தொடக்க ஆட்டக்காரர் விக்ரம்ஜித் சிங் பஞ்சாபில் பிறந்து சிறுவயதில் நெதர்லாந்துக்குப் போனவர். லோகன் வான் பீக் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். அவருடைய தாய்வழித் தாத்தா மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நியூசிலாந்துக்கும் டெஸ்ட் ஆடியவர். ரோலோஃப் வான் டெர் மெர்வ் முன்பு தென்னாப்பிரிக்காவுக்கே ஆடியவர். தர்மசாலாவில் அதே அணிக்கு எதிராக விக்கெட் எடுத்தார்.

புலம்பெயர்ந்தோர் கிரிக்கெட்டைக் கையோடு கொண்டுபோவது எங்கும் நடப்பதுதான். 2003 உலகக் கோப்பையில் கனடாவுக்காகப் பந்துவீசிய சஞ்சயன் துரைசிங்கம் கொழும்பில் பிறந்தவர். இங்கே ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது: வந்தேறிகளைக் கொண்டு அணி அமைத்தால் அதை அந்நாட்டின் வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு 22 பேர் சேராத ஊரில், எங்கிருந்தோ வந்த ஒருவர் பதினொன்றாவது ஆளாக நிற்பதால்தான் மீதிப் பத்துப் பேருக்கும் ஆட்டம் கிடைக்கிறது. அந்த ஒருவரின் பிள்ளை அந்த ஊர்ப் பள்ளியில் படித்து, அந்த ஊர் மொழி பேசி வளர்கிறது. அதே பள்ளியில் உடன் படிக்கும் பிள்ளைகள் கழகத்துக்குள் வருகிறார்களா, வருவதற்கு எவரேனும் வழிசெய்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வழிசெய்யாத நாடுகளில் கிரிக்கெட் குடியேறியவர்களின் வார இறுதிப் பொழுதுபோக்காகவே நின்றுவிடுகிறது.

வழிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தாய்லாந்து நல்ல உதாரணம். பேரரசின் எச்சமும் இல்லாமல், புலம்பெயர்ந்தோர் துணையும் அதிகம் இல்லாமல், அந்நாட்டுச் சங்கம் பெண்கள் கிரிக்கெட்டில் தன் பணத்தையும் கவனத்தையும் குவித்தது. சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்த பெண்களையும், கிரிக்கெட்டையே அதற்குமுன் பார்த்திராதவர்களையும் திரட்டிப் பழக்கியது. 2020 பெண்கள் இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு அந்த அணி 2019இல் தகுதி பெற்றது. 2022 ஆசியக் கோப்பையில் பாக்கிஸ்தானை வென்று அரையிறுதிக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் வரிசையாக நின்று கூப்பிய கையோடு பார்வையாளர்களை வணங்குவார்கள், முடிவு எதுவானாலும். ஆண்கள் அணி அந்த உயரத்தின் அருகில்கூட வரவில்லை.

பணம், வேலை, ஆட்டம்

2020 நவம்பரில், தள்ளிவைக்கப்படாமல் இருந்திருந்தால் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்திருக்கக்கூடிய நாளில், நெதர்லாந்தின் வேகப்பந்து வீச்சாளர் பால் வான் மீகெரென் சமூக வலைதளத்தில் ஒரு குறிப்பு எழுதினார். இன்று கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க வேண்டியவன், குளிர்காலத்தை ஓட்டுவதற்காக ஊபர் ஈட்ஸில் உணவு விநியோகம் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அதன் சாரம். புலம்பலாக அல்ல, சிரிப்போடுதான் எழுதியிருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்துத் தர்மசாலாவில் ஏய்டன் மார்க்ரமின் ஸ்டம்பைச் சாய்த்தவர் அவரே.

அசோசியேட் அணிகளில் முழுநேர ஒப்பந்தம் பெற்றவர்கள் சிலரே. மற்றவர்கள் அலுவலகத்துக்குப் போய்வந்து, விடுப்பு எடுத்து ஆடுபவர்கள். 2024 ஜூனில் டாலஸ் அருகே பாக்கிஸ்தானுக்கு எதிரான சூப்பர் ஓவரை வீசி அமெரிக்காவை வெல்லவைத்த சௌரப் நேத்ரவால்கர், ஆரக்கிள் நிறுவனத்தில் மென்பொறியாளர். இதன் பின்னணியில் பங்கீட்டுக் கணக்கு இருக்கிறது. 2024 முதல் 2027 வரையிலான காலத்துக்கு ஐ.சி.சி.யின் வருமானத்தில் இந்தியாவுக்கு மட்டும் சுமார் 38.5 விழுக்காடும், அசோசியேட் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்துச் சுமார் 11 விழுக்காடும் என்று செய்திகள் வந்தன. அந்த வருமானத்தின் பெரும்பகுதி இந்தியத் தொலைக்காட்சிச் சந்தையிலிருந்தே வருகிறது என்பது ஒரு பக்க வாதம். தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் பகிர்ந்துகொள்ளும் அந்த 11 விழுக்காட்டைக் கொண்டு புல்தரை ஆடுகளம் அமைக்க முடியுமா என்பது மறுபக்கம்.

ஆனாலும் பணத்தைவிட அரிதானது ஒன்று இருக்கிறது என்பது என் கருத்து: பெரிய அணிகளோடு ஆட்டம். இருநாட்டுத் தொடர்களை நடத்தும் செலவு பொதுவாக நடத்தும் நாட்டைச் சேரும்; ஒளிபரப்பு உரிமையை விற்று அதை ஈடுகட்டலாம். நெதர்லாந்தில் நடக்கும் ஆட்டத்தின் ஒளிபரப்பை வாங்குவதற்குப் பெரிதாக எவரும் முன்வருவதில்லை. முழு உறுப்பினரான அயர்லாந்தே பணச்சுமையைக் காரணம் காட்டி 2025இல் ஆப்கானிஸ்தானுடனான தொடரைக் கைவிட்டது என்றால், மற்றவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். பெரிய நாடுகளுக்கும் சிறிய அணிகளோடு ஆடுவதில் லாபம் இல்லை. கட்டாயம் இருந்தால் மட்டுமே வருவார்கள்.

அந்தக் கட்டாயம் ஒருமுறை வந்தது. 2020 முதல் 2023 வரை நடந்த உலகக் கோப்பை சூப்பர் லீக்கில் 12 முழு உறுப்பினர்களோடு பதின்மூன்றாவதாக நெதர்லாந்து சேர்க்கப்பட்டது. 24 ஒருநாள் ஆட்டங்கள் உறுதியாயின. அவற்றில் நெதர்லாந்து வென்றவை மூன்றே மூன்று, இரண்டு அயர்லாந்துக்கு எதிராக, ஒன்று ஜிம்பாப்வேக்கு எதிராக. பட்டியலில் கடைசி இடம். 498 ரன் வாங்கிய ஆட்டமும் அந்த 24இல் ஒன்று. அட்டவணையை மட்டும் பார்த்த எவரும் இந்த அணிக்கு எதற்கு இடம் என்றுதான் கேட்டிருப்பார்கள், கேட்டார்கள். ஆனால் மூன்று ஆண்டுகளாக உலகின் சிறந்த பந்துவீச்சையும் மட்டையாட்டத்தையும் எதிர்கொண்டு தோற்றுக்கொண்டே இருந்த அந்த அணிக்கு வேகத்தின் பயம் போய்விட்டது. எந்த ஓவரில் ஆட்டம் கைநழுவுகிறது என்று தெரிந்துவிட்டது.

2023 ஜூனில் ஹராரேயில் நடந்த தகுதிச் சுற்றில் அது வெளிப்பட்டது. இங்கிலாந்தின் உள்நாட்டுக் கவுண்டி அணிகளுடனான ஒப்பந்தங்கள் காரணமாக முன்னணி வீரர்கள் பலர் வர இயலாத நிலையில், மேற்கிந்தியத் தீவுகளின் 374 ரன்னைத் துரத்திச் சரியாக 374 எடுத்து நெதர்லாந்து ஆட்டத்தைச் சமன் செய்தது. தேஜா 76 பந்துகளில் 111 ரன் எடுத்தார். சூப்பர் ஓவரில் ஜேசன் ஹோல்டரின் ஆறு பந்துகளிலும் பவுண்டரியோ சிக்ஸரோ அடித்து 30 ரன் சேர்த்த வான் பீக், பந்தையும் தானே வாங்கி வீசி எதிரணியை 8 ரன்னில் முடித்தார். இருமுறை உலகக் கோப்பையை வென்ற மேற்கிந்தியத் தீவுகள் அந்த உலகக் கோப்பைக்கு வரவில்லை, நெதர்லாந்து வந்தது. அதன்பின் சூப்பர் லீக் என்ற ஏற்பாடே கைவிடப்பட்டது. நெதர்லாந்து இப்போது அசோசியேட் நாடுகளுக்கான லீக் 2 போட்டிக்குத் திரும்பிவிட்டது. இவ்வளவு தெளிவாகப் பலன் தந்த ஓர் ஏற்பாட்டைப் பலன் வந்த கையோடு கலைத்ததை, ஆட்டத்தை உலகெங்கும் பரப்புவதாகச் சொல்லும் அமைப்பு எப்படி நியாயப்படுத்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆட்டம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா சாட்சி. 1996இல் புனேயில் மேற்கிந்தியத் தீவுகளை வென்ற அணி அது. 2003 உலகக் கோப்பையில் இலங்கையை நைரோபியில் வீழ்த்தியது. கோலின்ஸ் ஒபூயா 24 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். நைரோபியில் ஆட நியூசிலாந்து மறுத்ததால் கிடைத்த புள்ளிகளும் சேர, அரையிறுதிவரை போய் இந்தியாவிடம் தோற்றது. அடுத்த டெஸ்ட் நாடு கென்யாதான் என்று அப்போது பேசினார்கள். ஆனால் பெரிய அணிகள் அதன்பின் அதிகம் அழைக்கவில்லை. சம்பளத் தகராறில் வீரர்கள் ஆட மறுத்தார்கள். நிர்வாகம் பூசலில் மூழ்கியது. அணியின் தூண்கள் பலரும் நைரோபியின் ஒரு சில கழகங்களிலும் ஒரு சில குடும்பங்களிலும் இருந்து வந்தவர்கள் என்பதால், அவர்களுக்கு வயதானபோது பின்னால் ஆள் இல்லை. 2014இல் ஒருநாள் தகுதியும் போயிற்று.

வளர்ந்த பிறகும் ஒரு கசிவு உண்டு. இயன் மார்கன் 2009 வரை அயர்லாந்துக்கு ஆடி, அதே ஆண்டில் இங்கிலாந்துக்கு மாறி, 2019இல் அந்த நாட்டுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தார். சிங்கப்பூரில் பிறந்து சிங்கப்பூருக்கு ஆடிய டிம் டேவிட் இப்போது ஆஸ்திரேலியாவுக்கு ஆடுகிறார். அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. நிர்வாகக் கோளாறோ சிறிய நாடு பெரிய நாடு பார்ப்பதில்லை: நேபாளச் சங்கம் 2016 முதல் 2019 வரை இடைநீக்கத்தில் இருந்தது, பாக்கிஸ்தானை வென்று ஓராண்டு சற்றுக் கடந்த நிலையில், 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சங்கமும் இடைநீக்கம் செய்யப்பட்டது.

கிகாலியின் மூன்று வளைவுகள்

அடித்தளத்திலிருந்து கட்டுவது எப்படி இருக்கும் என்று பார்க்க ருவாண்டாவுக்குப் போகலாம். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, உகாண்டாவிலும் கென்யாவிலும் அகதிகளாக வளர்ந்தவர்கள் நாடு திரும்பியபோது கிரிக்கெட்டையும் கொண்டுவந்தார்கள். தலைநகர் கிகாலியில் அவர்களுக்குக் கிடைத்த மைதானம், படுகொலைக் காலத்தில் பெருந்துயரம் நிகழ்ந்த ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் வளாகம். தனி மைதானம் கட்டுவதற்காக நிதி திரட்டத் தொடங்கினார்கள். 2016இல் அணித்தலைவர் எரிக் துசிங்கிசிமானா அதற்காக வலைப்பயிற்சிக் கூண்டுக்குள் தொடர்ந்து 51 மணி நேரம் மட்டை பிடித்தார். 2017 அக்டோபரில் கஹங்காவில் மைதானம் திறக்கப்பட்டது. அதன் பெவிலியன் மூன்று வளைவுகளாக, பந்து ஒன்று குதித்துக் குதித்துப் போவதைப்போல, உள்ளூர் மண்ணால் செய்த ஓடுகளைக் கொண்டு எழுப்பப்பட்டிருக்கிறது.

2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ருவாண்டா ஆடியது. ஜிம்பாப்வேக்கு எதிராக ஹென்றியட் இஷிம்வே அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். பிறகு மேற்கிந்தியத் தீவுகளையும் அந்த அணி வென்றது. மைதானம் திறந்து ஐந்தே ஆண்டுகள் கழிந்திருந்தன.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் ஆறு அணிகளுடன் மீண்டும் இடம்பெறுகிறது. ஆறில் ஓர் இடம் நெதர்லாந்துக்கோ ருவாண்டாவுக்கோ கிடைப்பது கடினம்தான். ஆயினும் பல நாடுகளில் அரசின் விளையாட்டு நிதியும் பள்ளிகளின் கவனமும் ஒலிம்பிக் விளையாட்டு என்ற முத்திரையைப் பார்த்தே போகின்றன என்பதால், பதக்கத்தைவிட அந்த முத்திரையையே சிறிய சங்கங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன.

2025 ஜூலையில் 2026 இருபது ஓவர் உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்று நெதர்லாந்தில் நடந்தது. ஹேக் நகரை ஒட்டிய ஃபோர்பர்க் மைதானத்தில் கடைசி நாளில் இத்தாலியும் நெதர்லாந்தும் மோதின. நெதர்லாந்து 9 விக்கெட் வித்தியாசத்தில் எளிதாக வென்றது. ஆனால் வெற்றி இலக்கை நெதர்லாந்து எட்டுவதை இத்தாலியர்கள் போதிய ஓவர்கள் தள்ளிப்போட்டுவிட்டதால், நிகர ரன்விகிதத்தில் ஜெர்சி தீவு அணியைப் பின்தள்ளி அவர்களும் தகுதி பெற்றார்கள். ஜெனோவாவில் கிரிக்கெட் பெயரோடு ஒரு கழகம் தோன்றி 132 ஆண்டுகள் கழித்து, இத்தாலி முதல்முறையாக ஓர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அன்று மாலை அந்தச் சிறிய மைதானத்தில் தோற்ற அணியினரும் வென்ற அணியினரும் ஒரே சமயத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.